தெப்பப் படத்தில் கயிறு வீசியது யார்?

கயிறு மட்டும்தான் தெரிந்தது. டிவிப் பெட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஆகாயத்தில், விறைப்பாக ஒரு கயிறு. வீசிய கையும் இல்லை, பிடித்த கையும் இல்லை.

தெற்குத் தெருவில் அஞ்சம்மாள் வீட்டுக் காதுகுத்து அன்று. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சன்னல்களில் சாக்கைக் கட்டி வீட்டை இருட்டாக்கி, வாடகை வீடியோ டெக்கில் படம் போட்டிருந்தார்கள். நாகூரிலிருந்து வந்த கேசட். எங்கள் பக்கத்தில் எல்லோரும் ‘தெப்பப் படம்’ என்று சொல்லும் இங்கிலீஷ் படம். கப்பல் உடைந்துபோகும், கேப்டன், ஒரு சீமாட்டி, ஒரு கிழட்டுச் சமையல்காரன் மூவரும் கதவுகளையும் பீப்பாய்களையும் சேர்த்துக் கட்டித் தெப்பமாக்கி, பெரிய ஆறு ஒன்றில் அடித்துக்கொண்டு போவார்கள்; கறுப்புக் கோட்டுக்காரன் ஒருவன் கரையோரமாகவே அவர்களைப் பின்தொடர்வான். அருவிக்கு மேலே, விழப்போகிற நேரத்தில், ஒரு கயிறு வந்து அவர்களைக் காப்பாற்றும்.

“பாத்தியா? சமையக்காரன்தான் வீசுனான். தெப்பத்துலேருந்து மேல வீசுறான்” என்றார் அஞ்சம்மாள்.

“எங்கடி சமையக்காரன்? அவன் தலையே காணும். கறுப்புக் கோட்டுக்காரன் மலை மேலேருந்து வீசுறான். நான் தியேட்டர்ல எத்தனை தடவ பாத்திருக்கேன்!” இது அவர் கணவர் மாரிமுத்து. தெருவுக்குச் சங்கத் தலைவர்.

“நீ பாத்தே. நான் என்ன, கண்ண மூடிக்கிட்டு முறுக்குத் தின்னுக்கிட்டா இருந்தேன்?”

“முறுக்குத் தின்னது உண்மைதான்.”

கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினார்கள். மறுபடியும் அதே கயிறு. கையில்லாத கயிறு.

“அந்தா, ஆப்பரேட்டரே உக்காந்திருக்காருல்ல. அவரக் கேளு. அவரு ஓட்டுன படம்தானே?” என்றது ஒரு குரல்.

வீடே என் பக்கம் திரும்பியது. என் கையில் பாயச டம்ளர். அந்தப் படத்தைத் தியேட்டர் திறந்த வருஷம் வாரக்கணக்கில் ஓட்டியவன் நான். படம் திரும்பி வந்தபோதெல்லாம் ஓட்டியவன். எந்த ரீலில் எங்கே கீறல் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் கயிறு வீசியது யார்?

எனக்குத் தெரியவில்லை.

அந்த நொடியில்தான் அந்த யோசனை வந்தது. இவர்களையெல்லாம் மறுபடியும் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். முன்வரிசையில் அல்ல, பின்னால் தள்ளி. திரை முழுதும் ஒரே பார்வையில் விழுகிற இடத்தில்.

*

கும்பகோணத்து ரசிக நண்பர்கள் சிலர் ஒரு மலர் போடுகிறார்கள். ‘எழுபது எம்.எம். ஆப்பரேட்டராக ஓய்வு பெற்றவர் நீங்கள், அனுபவத்தை எழுதுங்கள். வீட்டில் டெக்கில் பார்ப்பதற்கும் அதற்கும் அப்படி என்னதான் வித்தியாசம் என்று எங்கள் இளவட்டங்களுக்குச் சொல்லுங்கள்’ என்றார்கள். ஓய்வு பெற்றவர்! எனக்கு முப்பது தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. தலையில் ஒரு நரை இல்லை. ஆனாலும் வார்த்தை சரிதான். தொழில் என்னை விட்டு ஓய்ந்துவிட்டது. வித்தியாசம் என்ன என்று கேட்டால், போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் பளிச்சென்று சொல்லியிருப்பேன். இப்போது கேட்கிறார்கள். இப்போது எனக்குக் குழப்பம்.

என் அப்பா மதகு திறக்கும் லஸ்கர். தண்ணீர் எல்லோருக்கும் வேண்டும் என்பதால், நிலம் இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே நேரத்தில் வேண்டியவராகவும் வேண்டாதவராகவும் இருந்தவர். நான் பௌதிகம் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. திருச்சியில் ஒரு தியேட்டரில் எண்ணெய் துடைத்துக் கற்று, மெட்ராஸில் லைசென்ஸ் பரீட்சை எழுதி, கையில் காகிதத்தோடு ஊர் திரும்பியபோது, மன்னார்குடிச் சாலையில் எங்கள் மிராசுதார் புதுத் தியேட்டரைக் கட்டி முடித்திருந்தார். பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து கொஞ்சம் நிலம் கையை விட்டுப் போனதும், மிச்சத்தில் கொஞ்சத்தை விற்று அவர் கட்டிய தியேட்டர் அது. ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும். தியேட்டர் திறப்பு விழாவுக்கு ஒரு கரை. ஆண்டு விழாவுக்கு வேறு கரை. ஆனால் பால்கனியில் அவருடைய இடம் மட்டும் மாறியதில்லை. நடு வரிசை, நடு நாற்காலி.

வளைந்த பெரிய திரை. திரைக்கு அடியிலேயே சிமெண்டுத் தரை. அதுதான் தரை டிக்கெட். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள், நடுவில் இடுப்பு உயரச் சுவர். அதற்குப் பின் பெஞ்சு, அதற்குப் பின் நாற்காலி, மேலே பால்கனி. இதில் ஒரு விஷயத்தை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய வளைந்த திரைக்கு அவ்வளவு கிட்டே உட்கார்ந்தால், உங்கள் பக்கத்து ஓரம் மட்டும்தான் கண்ணில் நிற்கும். மற்ற ஓரம் எங்கோ கழுத்துக்குப் பின்னால் போய்விடும். அருவிக் காட்சியில் தெப்பம் திரையின் இடது கோடியில். கறுப்புக் கோட்டுக்காரன் நிற்கும் பாறை வலது கோடியில். பெண்கள் பக்கம் உட்கார்ந்த அஞ்சம்மாள் தெப்பத்தைப் பார்த்தார். ஆண்கள் பக்கம் உட்கார்ந்த மாரிமுத்து பாறையைப் பார்த்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படத்துக்குப் போய், வெவ்வேறு படம் பார்த்துவிட்டு, ஒரே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக.

கேசட்காரனோ, டிவியின் சதுரத்துக்குள் அடங்குவதற்காக இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டான். நடுவில் மிஞ்சியது கயிறு.

சரி, எனக்கு ஏன் தெரியவில்லை? மிஷின் ஓடும் கேபினிலிருந்து பார்த்தால் திரை முழுதும் தெரியும், அஞ்சல் தலை அளவுக்கு என்றாலும். அதற்கு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு மிஷின்கள். ஒன்றில் ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த ரீலைக் கோத்து வைக்க வேண்டும். பிலிம் போகும் வாசலை மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும்; ஒரு தூசி திரையில் தென்னை மரம் அளவுக்கு ஆடும். கார்பன் குச்சிகள் இரண்டையும் தொட்டு விலக்கிச் சுடரை எழுப்ப வேண்டும். குச்சி கரையக் கரைய இடைவெளியைத் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். விட்டால் படம் மஞ்சளடிக்கும். ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறிய புள்ளி கண் சிமிட்டும். உடனே இரண்டாவது மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடிகளில் இன்னொரு சிமிட்டல். அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். கண் ஒரு கணம் வேறெங்கே போனாலும் திரை வெள்ளையாகிவிடும், விசில் பறக்கும்.

தெப்பப் படத்தில் ரீல் மாறுகிற இடம், அருவிக் காட்சி. கயிறு பறக்கும்போதெல்லாம் நான் மூலையில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

எங்கள் மேனேஜர் வைத்திலிங்கம் பிள்ளை, மிராசுதாரின் பழைய காரியஸ்தர். களத்துமேட்டில் எப்படி நின்றாரோ அப்படியே தியேட்டரிலும் நிற்பார். கூரைக்கு அடியிலும் கக்கத்தில் குடை. திரைக்கு இடது பக்கத் தூணருகே, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பார். படத்தை அவர் பார்த்ததே இல்லை, பார்க்கிறவர்களைத்தான் பார்ப்பார். குரல் உயராது. இடம் மாறி உட்கார்ந்தவரிடம் போய்க் குனிந்து, “கொஞ்சம் எறங்கிக்குங்களேன்” என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. எதிராளி எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். படம் முடியும் வரை நின்றதும் உண்டு. அடியைவிட அது பயங்கரம் என்று மாரிமுத்து ஒருமுறை சொன்னார்.

காதுகுத்து நடந்த அந்த வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு. தெற்குத் தெரு வேலைக்கு இறங்கவில்லை. வரப்பில் கொடி நட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். சாலை முக்கில் போலீஸ் கூடாரம். தெருவில் கூடிப் பேசி, ‘அவர் வயலில் மட்டுமல்ல, அவர் கொட்டகையிலும் கால் வைப்பதில்லை’ என்று முடிவு செய்தார்கள். தரை காலியாயிற்று. பெஞ்சும் மெல்ல மெல்லக் காலியாயிற்று. மிராசுதார் வீட்டில் சிங்கப்பூர் டெக் வந்திருந்தது. “எல்லாரும் வீட்டுலயே பாக்குறான். தை பொறந்ததும் கொட்டகைய நெல்லு மூட்டை அடுக்க விட்டுடலாம்” என்று சொல்லிவிட்டார். திரையைக் கழற்றி, நாற்காலிகளைப் பிடுங்கி, மூட்டை. என் வேலை போவது ஒரு பக்கம். அந்தத் திரை போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

காதுகுத்து முடிந்த மறுநாள் காரியஸ்தரிடம் போனேன்.

“டிவிதான் கொட்டகையக் கெடுத்துச்சுன்னு ஐயா சொல்றாரு. நீ என்ன சொல்றே தம்பி?” என்று அவரே ஆரம்பித்தார்.

“டிவிதாங்க. ஆனா டிவியில பாதிப் படம்தாங்க வருது. முழுசாக் காட்டிட்டோம்னா எல்லாரும்...”

“ஆளு வராததுக்கு டிவி காரணம் இல்ல. வெளியூர் ஆளக் கூட்டியாந்தோம் பாரு, அதான்.”

“அப்ப ஐயாகிட்ட நீங்க சொல்லலாமேங்க?”

“அவரு கேக்கலையே.”

தாலுகா ஆபீசில் கூலி பேசி முடிகிற கட்டத்தில் இருப்பதாக அவர்தான் சொன்னார். முடிந்ததும் தெப்பப் படத்தை வரவழைப்போம், ஒரே ஒரு மாட்டினி, ஒரே விலை, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று என் திட்டத்தைச் சொன்னேன். கொட்டகை நிறைந்தால் மிராசுதார் மனம் மாறுவார் அல்லவா?

“எங்கே வேணும்னாலும்னா?”

“பால்கனி உள்படங்க.”

குடை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாறியது. அவர் விஷயத்தில் அது இடி இடித்த மாதிரி.

“ஐயா எங்க உக்காருவாரு?”

“அவருக்கும் எங்கே வேணும்னாலுங்க.”

திட்டுவாரா சிரிப்பாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை, மிராசுதார் வீட்டுப் பக்கம் நடந்தார். மிராசுதாரிடம் அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் மட்டும் வந்தது: ஒரு ஆட்டம் போட்டுப் பார், நிறைந்தால் கொட்டகை, நிறையாவிட்டால் மூட்டை.

*

கூலி முடிவானது. மார்கழியில் படப் பெட்டிகள் வந்து இறங்கின. நானே தெற்குத் தெருவுக்குப் போய் அழைத்தேன்.

“எங்கள வச்சு ஒங்க ஐயா கொட்டகைய நெறப்பப் பாக்குறீங்களா?” என்றார் மாரிமுத்து.

“கொட்டகை நிக்கணும்ல, அண்ணே.”

“நின்னா எங்களுக்கு என்ன?”

வெளிச்சம், கோணம், அகலம் என்று நான் தயாரித்து வைத்திருந்த எதுவும் அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. அஞ்சம்மாள்தான் காப்பாற்றினார். “அவருக்கு என்னவோ ஆகட்டும். கயிறு யாரு வீசுனான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இந்த மனுஷன் வாயை அடைக்கணும்.”

வந்தார்கள். தெருவே வந்தது, பக்கத்துத் தெருக்களும் வந்தன, வடக்குத் தெருப் பெண்கள் வில்வண்டியில் வந்தார்கள். கேபின் துவாரம் வழியே தலைகளை எண்ண ஆரம்பித்தேன். ஆனால் உள்ளே நுழைந்த தெற்குத் தெரு ஆட்கள் நேராகத் திரைக்கு அடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் இடது, ஆண்கள் வலது. ஒருவர்கூட நிமிர்ந்து பால்கனியைப் பார்க்கவில்லை.

நான் கீழே ஓடினேன். எனக்கு முன்னால் காரியஸ்தர் போய் நின்றிருந்தார்.

“மேல போய் உக்காருங்க எல்லாரும். இன்னிக்கு மேல கீழ எல்லாம் ஒரே டிக்கெட்டு.”

யாரும் அசையவில்லை.

“ஏங்க, கீழ என்ன வச்சிருக்கீங்க?” என்றார் மாரிமுத்து.

“ஒண்ணும் வைக்கலப்பா.”

“வைக்காமலா மேல போங்கறீங்க? இத்தனை வருஷமா மேல ஏறுனா கால ஒடிப்பீங்க.”

“நான் ஒடிப்பேன்னு சொன்னதே இல்ல. எறங்கிக்குங்கன்னுதான் சொல்லியிருக்கேன்.”

“அதத்தான் சொல்றேன்.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “மாடி தாங்குமாய்யா? எல்லாரையும் ஏத்தி, பொத்துன்னு வுழவச்சு, அடுத்த அறுப்புக்குக் கூலி பேச ஆளே இல்லாமப் பண்ணப் பாக்குறாங்களோ என்னமோ!”

சிரிப்பு. ஆனால் பாதிச் சிரிப்புதான். மீதி நிஜமான சந்தேகம். கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். குறுவையில் வரப்பில் உட்கார்ந்திருந்த அதே உட்காரல். இடம் கொடுத்தால் அதற்குள் ஏதோ இருக்கும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். அதை ஒரு ஆட்டத்தில் மாற்றலாம் என்று நினைத்தவன் நான்.

அஞ்சம்மாள் எழுந்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். “செத்தாலும் மெத்தையில உக்காந்து சாவுறேன். வாங்கடி.”

பெண்கள் கூட்டம் எழுந்து மாடிப்படி ஏறியது. நடு வரிசை. நடு நாற்காலியில் அஞ்சம்மாள். ஆண்கள் தரையிலேயே இருந்துவிட்டார்கள். பெண்டாட்டி பின்னால் போனதாக ஆகிவிடும் என்று மாரிமுத்து நகரவில்லை.

படம் தொடங்கிய பிறகுதான் மிராசுதார் வந்தார். வழக்கம் அது, அவர் வந்து உட்கார்வதை எல்லோரும் பார்க்க வேண்டும். பால்கனி வாசலில் நின்றார். உள்ளே இடமில்லை. காரியஸ்தர் அருகில் போய் நின்றது எனக்குத் தெரிந்தது. ‘எறங்கிக்குங்களேன்’ என்று அஞ்சம்மாளிடம் குனியப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் குனியவில்லை. மிராசுதார் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். வெள்ளை வேட்டி படியிறங்கியது. சற்று நேரத்தில் தரையின் வலது கோடியில், ஆண்கள் நடுவே, ஒரு மடக்கு நாற்காலி விரிந்தது. திரை வெளிச்சத்தில் அந்த வேட்டி நீலமாகவும் மஞ்சளாகவும் மாறிக்கொண்டிருந்தது.

இந்த முறை பார்த்தே தீருவது என்று நான் சபதம் எடுத்திருந்தேன். புள்ளியை ஓரக்கண்ணால் பிடித்துக்கொள்ளலாம், கயிற்றை நேர்க்கண்ணால் பார்க்கலாம். அருவிச் சத்தம் எழுந்தது. கொட்டகை முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கேபினுக்குள்ளேயே அது கேட்டது. அத்தனை தலைகள். ஒரு நொடி வெள்ளைத் திரை விழுந்தாலும் அத்தனையும் போச்சு. புள்ளி சிமிட்டியது. மோட்டார். இரண்டாவது சிமிட்டல். மூடு, திற. சரியாக விழுந்தது, ஒரு பிசிறு இல்லாமல். கீழே எழுந்த கூச்சலில் கட்டடம் அதிர்ந்தது.

நான் புள்ளியைத்தான் பார்த்தேன்.

*

படம் விட்டதும் வாசலில் அஞ்சம்மாளைப் பிடித்தேன். “சொல்லுங்க, யாரு வீசுனா?”

அவர் முகத்தில் வெற்றி இல்லை. யோசனை இருந்தது. “ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிறாங்க ஆப்பரேட்டரே. இவன் கையும் மேல இருக்கு, அவன் கையும் மேல இருக்கு. கயிறு நடுவுல நிக்கிது. எவன் வீசுனான், எவன் புடிச்சான்னு தெரியல. கீழ உக்காந்திருந்தப்ப நல்லாத் தெரிஞ்சிச்சு.”

“முழுசாப் பாத்தீங்கல்ல?”

“முழுசாத்தான் பாத்தேன். ஆனா சின்னதா இருந்துச்சுங்க. காதுகுத்துல பாத்த டிவி மாதிரி. அருவி என் மேல தெறிக்கவே இல்ல.”

நான் அடுத்துக் கேட்பதற்குள் மிராசுதார் கழுத்தைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. காதுகுத்து வீட்டுச் சண்டை அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும்.

“கறுப்புக் கோட்டுக்காரன்தான் வீசுனான். சந்தேகமே இல்ல. என் தலைக்கு மேலயே போச்சுய்யா கயிறு!” காரியஸ்தரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “இத்தனை வருஷமா பால்கனியில உக்காந்து என்னய்யா பாத்தேன்? வீட்டு டிவிக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? படம்னா இது! மூட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கொட்டகை நடக்கும்.”

மாரிமுத்து கூட்டத்திலிருந்து, “நான் சொல்லல? கறுப்புக் கோட்டுக்காரன்தான்!” என்று கத்தினார். மிராசுதாரும் மாரிமுத்துவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை எங்கள் ஊர் அன்றுதான் கண்டது.

நான் குதிக்காத குறை. திரை பிழைத்துவிட்டது. மிராசுதார் இரண்டடி நடந்து, திரும்பினார்.

“வைத்தி, அந்தத் தரையை எடுத்துடுங்க. மெத்தை நாற்காலி போட்டுடுங்க. இனிமே முன்னாடிதான் உசந்த கிளாஸ்.”

“தரை டிக்கெட்டுக்காரங்க?” என்றார் காரியஸ்தர்.

“அவங்கதான் மேல ஏறிட்டாங்களே. மேலயே இருக்கட்டும்.”

குடை கக்கம் மாறவில்லை. அவர் “சரிங்க” என்றார்.

பொங்கலுக்குள் சிமெண்டுத் தரையைக் கொத்தி நாற்காலிக் கால்களைப் புதைத்தார்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவிலிருந்த சுவரையும் இடித்தார்கள். அதற்காகவாவது சந்தோஷப்பட வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெற்குத் தெரு ஆட்கள் ஒருமுறை வந்து, மேலே ஏறி, கூரைச் சூட்டில் வெந்து, தூரத்துப் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை. தெருவே சேர்ந்து ஒரு டெக் வாங்கிவிட்டார்கள். மிராசுதார் கொஞ்ச நாள் சொந்தக்காரர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். கழுத்து வலித்தது. அவரும் நின்றார். அடுத்த தையில் மூட்டைகள் உள்ளே வந்தன.

அஞ்சம்மாளை மதகடியில் ஒருநாள் பார்த்தேன். “இப்படி ஆகும்னு நெனைக்கலங்க” என்றேன்.

“நீங்க நல்லதுதான் நெனச்சீங்க. ஆனா எங்க எடம் மட்டம், அவரு எடம் ஒசத்தின்னு யாரு சொன்னா ஒங்களுக்கு? எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? எது நல்ல எடம்னு அவருக்குத் தெரியாம இருந்துச்சு. காட்டிக் குடுத்துட்டீங்க.” கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் இன்னும் உறைக்கிறது.

ஆகவே, நண்பர்களே, வீட்டில் பார்ப்பதா, பெரிய திரையில் பார்ப்பதா? டிவியில் ஓரங்கள் இல்லை. தரையில் மறு ஓரம் இல்லை. பால்கனியில் அருவி இல்லை. கேபினில் படமே இல்லை. கொட்டகையை மூடியது டெக்கா, கூலித் தகராறா, மெத்தை நாற்காலியா, நானா? எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. சாகசப் படம் என்பது ஒருவேளை தண்ணீர் நம் மேல் தெறிக்கிற தூரம் மட்டும்தானோ என்னவோ. அப்படி எழுதியதும், முழுசாகப் பார்க்க வேண்டும் என்ற பழைய பிடிவாதம் மறுபடி தலை தூக்குகிறது.

மிஷின்கள் மட்டும் இன்னும் கேபினிலேயே இருக்கின்றன. விற்க ஆள் வரவில்லை. துரு ஏறக்கூடாதென்று நான் எண்ணெய் போடப் போவேன். காரியஸ்தர் சாவியைக் கேட்காமலே நீட்டுவார். முன்பக்கத் துவாரத்தில் கண்ணை வைத்தால் மூட்டை. பின்சுவரில் ஒரு சன்னல். அதன் வழியே பார்த்தால் வயல்; உச்சவரம்பில் எடுத்துத் தெற்குத் தெருவுக்குப் பட்டா கொடுத்த வயல். போன வாரம் அங்கே சம்பா அறுப்பு. நான் சன்னலில் நிற்பதைப் பார்த்து அஞ்சம்மாள் அரிவாளை நெற்றிக்கு நேரே உயர்த்தி, வெயிலை மறைத்துக்கொண்டு கத்தினார்:

“ஆப்பரேட்டரே! அந்த மிஷினு இந்தப் பக்கம் திரும்பாதா?”

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. சன்னலிலிருந்து வரப்பு வரை உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தேன். பழைய தூரத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. சன்னலைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். மடித்து வைத்திருக்கும் திரைத்துணிக்கு மூங்கில் சாரம் வேண்டும். பங்குனிக் காற்றில் அது நிற்குமா, கப்பல் பாய் மாதிரி சாரத்தோடு கிளம்பிவிடுமா, தெரியாது. படப் பெட்டி தருவார்களா, லைசென்ஸ் எந்தச் சட்டத்தில் வரும், தெரியாது. அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்து தெளித்திருக்கிறது. அதைப் பறிக்கும் வரை ஒருவரும் கால் வைக்க முடியாது. யார் எங்கே உட்கார்வது என்று மட்டும் இந்தத் தடவை நான் வாயே திறக்கப்போவதில்லை.

மிஷினைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. நாளைக் காலையில் முதல் போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றப்போகிறேன்.